கத்தி பட்டால் பரவுமா?

வணக்கம் டீச்சர்,

என் அம்மா மார்பகப் புற்றுநோயில் 44 வயதில் போய்விட்டார். இப்போது சித்திக்கும் மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். மாமா வேண்டாம் என்கிறார். ஊசி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடுமாம், துரியான் பெலண்டா என்கிற முள்சீத்தா இலையைக் காய்ச்சிக் குடித்தால் போதுமாம். எனக்கு 27 வயது. நான் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? இந்த மரபணு ஆராய்ச்சியெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு உதவுமா?

ஒரு வாசகி, ஈப்போ

அன்புள்ள மகளுக்கு,

பரிசோதனைக் கேள்விதான் பெரிது என்று நினைத்து எழுதியிருக்கிறாய். உன் மாமா சொன்ன அந்த ஒரு வரிதான் இரண்டு நாளாக என் தூக்கத்தைக் கெடுத்தது. இலையை விடு. அதைக் குடித்துக் குணமானவர் ஒருவரையும் நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. ஊசிக்கு வருகிறேன்.

என் பெரியம்மா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் ரப்பர் மரம் சீவியவர். இருட்டோடு பெரட்டு என்கிற பெயர் கூப்பிடல், நெற்றியில் விளக்கு. பட்டையில் கத்தியை வைத்து இழுத்தால் சீவல் ஒரே கனத்தில் சுருண்டு விழும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கத்துவார். மேலோட்டமாகப் போனால் பால் வடியும் மங்கு நிறையாது. அந்த நூலிழை அளவு அவர் கைக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் மார்பில் வந்த கட்டியைப் பத்து மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். கேட்டபோது, "கத்தி பட்டா பரவிரும்டி" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதற்கு முன்பே முதுகு வலி வந்து ராத்திரியில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். கட்டியை எடுத்தார்கள். ஐந்தாவது மாதம் போய்விட்டார். "கத்தி வெச்சாங்க, பரவிருச்சு" என்று சாவு வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு நடுவில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மௌனத்தை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. முற்றிய பிறகுதான் கத்திக்கே போகிறோம். பிறகு பழி கத்தி மேல் விழுகிறது.

உண்மையில் என்ன நடக்கிறது? நம் உடம்பின் செல்கள் பக்கத்துச் செல்லோடு ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. அந்தப் பசைகளில் ஒன்று ஈ-கேடரின் என்ற புரதம். நியூசிலாந்தில் ஒரு மாவோரிக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சின்ன வயதிலேயே வயிற்றுப் புற்றுநோய் வந்தது. வம்ச சாபம் என்று முடங்கிவிடாமல் அவர்களே விஞ்ஞானிகளைத் தேடிப் போனார்கள். அந்தப் பசையைச் செய்யும் மரபணு பழுதாகி வழிவழியாக வருவது 1998-ல் தெரிந்தது. பழுது இருந்தவர்களில் பலர், நோய் வரும் முன்பே வயிற்றை எடுத்துவிடச் சம்மதித்தார்கள். கத்தியை அவர்களே கேட்டு வாங்கினார்கள், மகளே.

பெரும்பாலான புற்றுநோய்களில் இப்படிப் பிறக்கும்போதே பழுது வருவதில்லை. வாழ்கிற காலத்தில் ஒரு செல் பிரியும்போது அதன் மரபணுவில் எழுத்துப் பிழை விழுகிறது, அதன் பிள்ளைகளில் இன்னொரு பிழை. பிழைத்துக்கொள்ளத் தெரிந்த வம்சம் மற்றதை முந்துகிறது. 1976-ல் பீட்டர் நோவெல் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைத் தெளிவாக எழுதினார். அந்த வம்சத்தில் சில செல்கள் பசையைத் தளர்த்திக்கொண்டு, சுவரைத் துளைத்து, ரத்தத்தில் இறங்குகின்றன. கருவில் குழந்தை உருவாகும்போது செல்கள் இடம் மாறுவதற்கு உள்ள அதே வழியைத் திருடிக்கொள்கின்றன. இது டாக்டர் ஊசியைக் கையில் எடுப்பதற்கு வெகு முன்பே தொடங்கிவிடலாம்.

இறங்கினவை எல்லாம் முளைப்பதும் இல்லை. 1889-ல் ஸ்டீபன் பேஜெட் என்ற லண்டன் டாக்டர், மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்து, நோய் கண்ட கண்ட இடத்திலெல்லாம் பரவவில்லை, விதைக்கு ஏற்ற மண் வேண்டும் என்றார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். உச்சி வெயிலில் ரப்பர்க் காய் படாரென்று வெடிக்கும், கொட்டை தகரக் கூரையிலும் சாலையிலும் சாக்கடைக் காணிலும் தெறிக்கும். முளைப்பது இலை மக்கிய ஈரத்தில் கிடக்கும் சிலதுதான். மார்பகத்துச் செல்லுக்கு எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை பிடிக்கும்.

சரி, ஊசி போன வழியில் ஒன்றிரண்டு செல் நகராதா? நகரலாம். விரைக் கட்டி என்றால் விதைப்பை வழியாக ஊசி போடவே மாட்டார்கள். எங்கே குத்தக்கூடாது என்பது டாக்டருக்குத் தெரியும். ஆனால் நகர்வது வேறு, வேர் பிடிப்பது வேறு. கணையப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட 2,034 பேரின் விவரத்தை அமெரிக்காவில் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் அலசி 2015-ல் வெளியிட்டார்கள். முன்னதாக ஊசி போட்டுப் பார்த்தவர்களின் ஆயுள் அதனால் குறையவில்லை. மாமாவிடம் இதைச் சொல். "எல்லாருக்கும் தெரியும்" என்பார். எல்லாருக்கும் தெரியும் என்று சொல்லித்தான் என் பெரியம்மாவைக் கொன்றோம்.

ஆராய்ச்சி யாருக்கு உதவும் என்று கேட்டாய். ஹெர்2 என்ற மரபணு பெருகிய கட்டிகளுக்கு 1998 முதல் தனி மருந்து இருக்கிறது. சித்தியின் கட்டி அந்த வகையா, ஹார்மோனில் வளர்வதா என்று சதையை எடுத்துப் பார்க்காமல் யார் சொல்ல முடியும்?

உன் பரிசோதனைக்கு வருகிறேன். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான் வழிவழியாக வருவது. அதில் முக்கியமான பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்களையும் 1994, 1995-ல் அடையாளம் கண்டார்கள். அப்பா வழியாகவும் வரலாம், பெண் பார்க்க வந்தவர்கள் இதை அம்மா தலையில் மட்டும் கட்டினால் வாசலைக் காட்டு. முடிந்தால் நோய் உள்ளவரின் ரத்தத்தில்தான் முதலில் பார்ப்பார்கள். அவரிடம் பழுது தெரிந்தால் உன்னிடமும் அதையே தேடுவார்கள். ஆகவே உன் வழியும் சித்தியிடமிருந்துதான் தொடங்குகிறது.

மாமாவின் நம்பரை அனுப்பு, நான் பேசுகிறேன். ஊசிக்குத் தேதி என்றைக்கு? இவ்வளவு எழுதினாயே, அதை எழுதவில்லையே.