நூலகத்துக்குத்தானே என்று ஓட்டுப் போட்டுவிடாதீர்கள்

தம்பி, முன்பு குடியிருந்தவர் பெயருக்கு வந்த ஓட்டுச்சீட்டு உங்கள் தபால்பெட்டியில் கிடக்கிறது, நூலகமும் சமுதாயக் கூடமும் கட்ட நகராட்சி கடன்பத்திரம் வெளியிடலாமா என்பதுதான் தேர்தல் என்கிறீர்கள். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் நீங்கள் ஓட்டுப் போடலாமா, வாடகை ஏறுமா, எந்தப் பள்ளி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடவே கூடாது. கலிபோர்னியாவில் எல்லா வாக்காளருக்கும் ஓட்டுச்சீட்டு தபாலில் வரும். வீடு மாறியவர்கள் முகவரியை மாற்றாவிட்டால் உங்கள் பெட்டியில்தான் விழும். பிரிக்காமல், 'இவர் இங்கே இல்லை' என்று உறைமேல் எழுதித் தபாலிலேயே திருப்பி அனுப்புங்கள். உள்ளூர்த் தேர்தல்தானே என்ற சமாதானம் குடியேற்றச் சட்டத்தில் எடுபடாது. குடியுரிமை இல்லாதவர் சட்டத்துக்கு மாறாக எந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டாலும் நாடு கடத்த இடமுண்டு. கிரீன் கார்டு இருந்தாலும்தான். டிஎம்வி என்ற வாகனத் துறை அலுவலகத்தில் லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளர் பதிவு பற்றியும் கேட்பார்கள். வரிசையில் நின்ற அலுப்பில் 'ஆம்' என்று தட்டிவிடாதீர்கள். காஸ்ட்கோ கடை வாசலில் தேர்தல் மனுவோடு நிற்பவர்களுக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில், எப்போதாவது பதிவு செய்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா என்ற கேள்விகள் வரும்.

நம் ஆட்களில் வாட்ஸ்அப் வக்கீல்கள் அதிகம். சான் பிரான்சிஸ்கோ நகரில், பள்ளிக்குழுத் தேர்தலுக்கு மட்டும், குடியுரிமை இல்லாத பெற்றோருக்கும் ஓட்டு உண்டு. அதை அரைகுறையாகப் படித்துவிட்டு எல்லா ஊருக்கும் பொருந்தும் என்பார்கள். அவர்களா நாளைக்கு உங்களோடு கோர்ட்டுக்கு வரப்போகிறார்கள்?

வாடகையை விடுங்கள், இந்தக் கடனை அடைக்கக் கூட்டும் சொத்து வரி நேரடியாக விழுவது வீட்டுக்காரர் தலையில். அதிலும் ஒரு வேடிக்கை. 1978-ல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த 'ப்ராப்பசிஷன் 13' சட்டத்தின்படி, வீட்டை வாங்கிய விலைதான் வரிக்கு அடிப்படை. மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. எழுபதுகளில் வாங்கிய பக்கத்து வீட்டுத் தாத்தாவைவிட இப்போது வாங்கும் நம்மவர் பல மடங்கு கட்டுவார். அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் நூலகத்துக்குப் போகும் சில டாலரைப் பார்த்து மூக்கால் அழுபவர்களின் பிள்ளைகள்தான் மாலையெல்லாம் அங்கே ஏசியில் உட்கார்ந்து படிக்கின்றன.

நான் எச்-1பி-காரரின் மனைவிக்கான எச்-4 விசாவில் பாலோ ஆல்டோ நகருக்கு வந்தபோது வேலைக்குப் போக அனுமதி கிடையாது, கார் கிடையாது, கையில் காசும் கிடையாது. காசு கேட்காமல் உட்காரவிட்ட ஒரே இடம் பழைய மிட்செல் பார்க் நூலகம். அதைப் புதுப்பிக்க 2002-ல் வந்த முயற்சி, பாதிக்கு மேல் ஆதரவு இருந்தும் தோற்றது. இங்கே நகராட்சிக் கடனுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 2008-ல் மெஷர் என் என்ற பெயரில் 7.6 கோடி டாலருக்கு மறுபடி வந்து ஜெயித்தது. அப்போதும் எனக்கு ஓட்டில்லை. தெரிந்த வெள்ளைக்காரப் பாட்டிகளையெல்லாம் போட வைத்தேன், அது சட்டப்படி குற்றமில்லை! கட்டடம் இழுத்தடித்து, நடுவில் ஒப்பந்தக்காரரையே நீக்கி, 2014 டிசம்பரில்தான் திறந்தார்கள். அதற்குள் வாடகை தாங்காமல் நாங்கள் ஃப்ரீமாண்ட் வந்துவிட்டோம். இப்போது குடியுரிமை இருக்கிறது, ஒரு தேர்தலையும் விடுவதில்லை.

பள்ளியைப் பற்றி, கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பேசலாம். திட்டம் பிடித்திருந்தால் நகரமன்றக் கூட்டத்தில் போய்ப் பேசுங்கள், குடியுரிமை இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள். நூலக அட்டைக்கும் விசா கேட்பதில்லை. படம் உள்ள அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் போதும். இந்தச் சனிக்கிழமையே போய் வாங்கிவிடுங்கள்.