வீட்டுக் குப்பை பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்லுதேன்

பேட்டையில இருந்து ஒரு தம்பி: அக்கா, பக்கெட்ல உரம் போட ஆரம்பிச்சேன், நாத்தம் தாங்கல, வீட்ல திட்டுதாவ. என்ன செய்ய?

பதில்: தண்ணி கூடிட்டு தம்பி, வேற ஒண்ணுமில்ல. காய்கறித் தோல்லயே பெரும்பாலும் தண்ணிதான், அதுக்கு மேல மிஞ்சின சாம்பார் ரசம்னு ஊத்தினா காத்து போக வழியில்லாம அழுகத்தான் செய்யும். பக்கெட்டுக்கு அடியிலயும் சுத்தியும் ஓட்டை போடுங்க, தோல் போடும்போதெல்லாம் அதே அளவோ கூடவோ காஞ்ச சருகு, இல்லன்னா தேங்கா நார்த்தூள் மேல போட்டு மூடுங்க, வாரத்துல ரெண்டு தடவ கிளறி விடுங்க. ஒரு பிடி எடுத்து பிழிஞ்சா கை நனையணும், தண்ணி சொட்டக் கூடாது, அதான் பதம். ரெண்டு மூணு மாசத்துல மண்வாசம் வந்துரும். வெள்ளையா புழு நெளிஞ்சா பயப்படாதிய, இன்னும் கொஞ்சம் சருகு போடுங்க, அதுவும் குப்பையத்தான் திங்குது.

பாளையங்கோட்டை: சொதிக்கு பால் எடுத்த தேங்கா சக்கை நிறைய மிஞ்சுதே, அதையும் உரத்துல போடலாமா?

பதில்: அத ஏன் மதினி உரத்துல போடணும்! வெறும் சட்டியில ஈரம் போக வறுத்து, மிளகா வத்தல், உளுந்து, பூண்டு, புளி, உப்பு சேத்து பொடிச்சு வைங்க, இட்லிக்கு அருமையா இருக்கும். மொத்தமா உரத்துல கொட்டினா சிக்குவாடை வரும், எறும்பும் வரும்.

வள்ளியூர்: மீன் கழிவு?

பதில்: வாழை மூட்டுல முழங்கை ஆழத்துக்கு குழி தோண்டி புதைங்க. மேலாக்க போட்டா நாய் தோண்டிரும். மீன் வாங்கப் போகும்போதே தூக்குச்சட்டி கொண்டு போனா கவர் ஒண்ணு மிச்சம்.

மேலப்பாளையம்: 2019 ஜனவரியிலயே பிளாஸ்டிக் பைக்கு தடைன்னாவ, கடையில இன்னும் குடுக்காவளே?

பதில்: குடுக்கத்தான் செய்யுதாவ, நாம கைய நீட்டுதோம்லா. வண்டி சீட்டுக்கு அடியில ரெண்டு மஞ்சப்பை கிடக்கட்டும், வீட்ல இருந்தா மறந்துருவோம். அப்புறம் பால் கவர வெட்டும்போது மூலைய தனியா பிச்சுப் போடாதிய, அந்த துண்டு சாக்கடைக்குத்தான் போகும், யாரும் பொறுக்க மாட்டாவ. கவர அலசி காயப் போட்டு சேத்து வச்சா பழைய பேப்பர்காரர் எடுப்பார், நாறினா தொடக்கூட மாட்டார்.

அம்பாசமுத்திரம்: பழைய துணிய ஆத்துல விடலாம்லா?

பதில்: விடவே கூடாது. பாபநாசத்துல தாமிரபரணிக்குள்ள இருந்து மூட்டை மூட்டையா துணி எடுக்காவ, பாத்திருப்பிய. பருத்தின்னா அடுப்படி கைப்பிடித் துணி, தரை துடைக்க, தலையணைக்குள்ள அடைக்க, எவ்வளவோ இருக்கு.

பேட்டை தம்பி மறுபடியும்: டயப்பர், பேட்டரி?

பதில்: உரத்துல போட்டுராதிய. டயப்பர பேப்பர்ல சுத்தி தனியா, பேட்டரிய ஒரு டப்பாவுல தனியா, குப்பை வண்டிக்காரவுககிட்ட சொல்லிக் குடுங்க. எரிக்கவும் கூடாது.