இலைகள் நீலமாகத் தெரிவது அச்சுப் பிழையா?

நீங்கள் வாங்கிய, டச்சு ஓவியர் யான் வான் ஹெய்சமின் மலர் ஓவியத்தின் அச்சுப் பிரதியில் இலைகள் நீலமாக இருப்பது பெரும்பாலும் அச்சுப் பிழை அல்ல. அவருடைய மூல ஓவியங்கள் சிலவற்றிலேயே இலைகள் இன்று அப்படித்தான் இருக்கின்றன. ஆகவே திருப்பி அனுப்ப அவசரப்பட வேண்டாம்.

17, 18ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் பச்சையை நீலத்தோடு மஞ்சளைக் கலந்தோ, நீலத்தின் மேல் மஞ்சளை மெல்லிய பூச்சாக ஏற்றியோ பெற்றார்கள். அந்த மஞ்சள் பல நேரங்களில் செடியிலிருந்து எடுத்த சாயம் என்பதால், வெளிச்சம் பட்டுப் பட்டு அது வெளிறிவிட, நீலம் மட்டும் எஞ்சியது. அவர் தீட்டிய பச்சையை நாம் காண முடியாமல் போனது உண்மையிலேயே வருத்தத்திற்குரியது.

பகல் வெளிச்சத்தில் பிரதியை வைத்து, வெள்ளை இதழ்களையும், ஓவியத்தில் நத்தை இருந்தால் அதன் ஓட்டின் பழுப்பையும் கவனியுங்கள். அவை இயல்பாக இருந்து இலைகள் மட்டும் நீலமாக இருந்தால் காரணம் பெரும்பாலும் மூல ஓவியத்தில் வெளிறிய சாயம்தான். அவற்றிலும் நீலம் படிந்திருந்தால் அச்சகத்தாரிடம் கேட்கலாம்.

ஆனால் எல்லா நீல இலையும் வெளிறியதாகிவிடாது. இத்தகைய ஓவியங்களில் அடிக்கடி வரும் கார்னேஷன், கசகசாச் செடி இரண்டின் இலைகளும் இயற்கையிலேயே நீலம் கலந்த சாம்பல் நிறம் கொண்டவை.