பழைய கணினியை இயங்குதளம் கைவிடலாமா? – கேள்வி பதில்

கேள்வி: பழைய செயலிக்கான (ப்ராசசர்) நிரலை இயங்குதளத்தில் அப்படியே விட்டுவைத்தால் யாருக்கு என்ன நட்டம்?

பதில்: விட்டுவைத்த நிரல் சும்மா கிடப்பதில்லை. நினைவகத்திலுள்ள மதிப்பை ஒப்பிட்டுப் பார்த்து அதே கணத்தில் மாற்றியும் வைக்கும் ஒற்றைக் கட்டளை, இன்டெல் வரிசையில் 486 செயலியில்தான் வந்தது. பல செயலிகள் ஒரே தரவைத் தொடும்போது குளறுபடி நேராமல் காப்பதற்கு அக்கட்டளை மிகவும் தேவைப்படுவதால், அது இல்லாத முந்தைய 386 செயலிக்காக, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் தனி மாற்றுவழி ஒன்றை வைத்திருந்தார்கள். அந்தப் பகுதியில் கைவைக்கும் போதெல்லாம் அதையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருந்தது. 2012 டிசம்பரில் அதை நீக்கிவிட்டார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கியதே ஒரு 386 கணினியில்தான் என்றாலும், அவர் அதற்காகக் கண்ணீர் விடவில்லை. சோதித்துப் பார்க்க ஆளில்லாத நிரலை நீக்குவதில் எனக்கும் மறுப்பில்லை.

கேள்வி: அப்படியானால் என்னுடைய ஏழாம் தலைமுறை இன்டெல் கணினியை விண்டோஸ் 11 ஏற்க மறுப்பதும் சரிதானே?

பதில்: இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. குறியாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லான டிபிஎம் 2.0-ஐ விண்டோஸ் 11 கேட்பதற்காவது பாதுகாப்புக் காரணம் உண்டு. அது ஏற்கும் இன்டெல் செயலிகளின் பட்டியலோ பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது. ஏழாம் தலைமுறையில் விலக்குப் பெற்ற சிலவற்றுள், மைக்ரோசாஃப்ட்டின் சொந்தத் தயாரிப்பான சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-இல் உள்ள செயலியும் ஒன்று. இயலாமையால் விடுவது வேறு, கோடு கிழித்து விடுவது வேறு. விண்டோஸ் 10-இன் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது என்பதால், உங்கள் கணினியில் லினக்ஸை நிறுவிப் பார்ப்பதே என் பரிந்துரை.

கேள்வி: ஆதரவு முடிந்த இயங்குதளத்தையே தொடர்ந்து பயன்படுத்தினால்?

பதில்: இணையத்தோடு இணைக்காதவரை பெரிய ஆபத்தில்லை. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை என்ற தீநிரல் பரவியபோது, 2014-இலேயே கைவிடப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி-க்கும் மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காகத் திருத்தம் வெளியிட்டது உண்மை. ஆனால் அன்று அதிகம் சிக்கியவை, இரண்டு மாதங்களுக்கு முன்பே திருத்தம் கிடைத்தும் அதை நிறுவாமல் விட்டிருந்த விண்டோஸ் 7 கணினிகள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்துக் கணக்கு மென்பொருள் ஒன்று புதிய கணினியில் திறக்கவே மறுக்கிறதே?

பதில்: டாஸ் மென்பொருள்கள் இன்டெல்லின் பழைய 8086 செயலியை எதிர்பார்ப்பவை; 64 பிட் முறையில் இயங்கும்போது, அந்த 8086 போல நடிக்கும் பழைய வசதியைச் செயலியே தருவதில்லை. பழைய கணினியை மென்பொருளாலேயே போலச் செய்துகாட்டும் டாஸ்பாக்ஸ் போன்ற பாவிப்பானில் (எமுலேட்டர்) திறந்து, கணக்குகளை முதலில் சாதாரண உரைக்கோப்பாக வெளியே எடுத்துவிடுங்கள்.