தாமதக் கண்ணாடி – கடிதம்

அன்புள்ள ஐயா,

அறிவியல் புனைகதை எழுத்தாளர் பாப் ஷாவைப் பற்றி நீங்கள் பேசியதாக நண்பர் சொன்னார். தேடிப் பார்த்தேன். ஒளி மெல்லக் கடக்கும் கண்ணாடி என்ற ஒரே கற்பனையைத் தவிர அவரிடம் பெரிதாக எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆர்தர் சி. கிளார்க் அளவுக்கு அவர் புகழ் பெறாததற்கு அதுதான் காரணமா? எந்த நாவலிலிருந்து தொடங்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

புகழ் பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம். அது பதிப்பாளர்களின் கவலை. ‘தேடிப் பார்த்தேன்’ என்கிறீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. அரை மணி நேரத்தில் வாசித்துவிடக்கூடிய சிறுகதையின் கருவை மட்டும் தெரிந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது, பந்தியில் உட்காராமலேயே சாம்பாரில் உப்பில்லை என்பதைப் போன்றது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், அதே தவறை நானும் செய்திருக்கிறேன். 1966இல் வெளிவந்த ‘லைட் ஆஃப் அதர் டேஸ்’ கதையைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு தொகுப்பில்தான் முதலில் வாசித்தேன். ஸ்காட்லாந்து மலைச்சரிவில் ஹேகன் என்பவர் கண்ணாடி விற்கிறார். ஒளி அதைக் கடக்கப் பத்தாண்டுகள் ஆகும் என்பதால், அத்தனை காலம் மலையையும் நீரையும் பார்த்து நின்ற பலகையை நகரத்து வீட்டில் பொருத்தினால், அடுத்த பத்தாண்டுகளுக்கு அந்த மலையும் நீரும் அங்கே தெரியும். ஓயாமல் பிணங்கிக்கொள்ளும் ஒரு தம்பதி அதை வாங்க வருகிறார்கள். வீட்டுச் சன்னலில் ஓர் இளம்பெண்ணும் சிறுவனும் தெரிகிறார்கள். ஹேகனோ வியாபாரத்தில் மனம் ஒட்டாமல் அந்தச் சன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என் பிரதியில் அதற்கு மேல் தாள் கிழிந்திருந்தது. நல்ல கற்பனைதான், ஆனால் மனைவியை உள்ளே விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கும் இந்த ஆள் சரியான சோம்பேறி என்று மூன்று ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முழுக்கதை கையில் கிடைத்தபோதுதான், உட்காருவதற்கு ஹேகன் கொடுத்திருந்த விரிப்பை உள்ளே வைப்பதற்காக அந்தத் தம்பதி கதவைத் திறப்பதையும், அங்கே ஒற்றை ஆள் வாழும் அலங்கோலமான அறையைத் தவிர ஒருவரும் இல்லாததையும் வாசித்தேன். மனைவியும் மகனும் ஆறாண்டுகளுக்கு முன் சாலையில் வண்டி மோதி இறந்தவர்கள்; அந்தச் சன்னலும் அதே தாமதக் கண்ணாடிதான். நான் மெச்சிக்கொண்டிருந்த அந்தக் கற்பனை, பண்டத்தை ஏந்தும் கிண்ணம் மட்டுமே. பண்டம் அந்தக் கிழிந்த தாளில் இருந்தது. அறிவியல் புனைகதையைக் கருத்துகளின் கிடங்காக எண்ணி வாசிப்பவர்கள் எல்லோரும், பிரதி முழுதாகவே இருந்தாலும், அந்தக் கடைசித் தாளைத் தாங்களே கிழித்துவிடுகிறார்கள்.

‘ஒரே கற்பனை’ என்பதும் சரியல்ல. பெல்ஃபாஸ்ட்டில் பிறந்து, பொறியியல் துறையிலும் விமான வடிவமைப்பிலும் பத்திரிகையிலும் வேலை பார்த்தவர் ஷா. 1967இல் வந்த ‘நைட் வாக்’ நாவலில், கண்ணிழந்த ஒருவன் பிற உயிர்களின் கண்கள் வழியே பார்க்கக் கற்றுக்கொள்கிறான். ‘பர்டன் ஆஃப் ப்ரூஃப்’ கதையில், தண்டனையை முன்பே வழங்கிவிட்ட நீதிபதி, கொலையைப் பார்த்த கண்ணாடி உண்மையைக் காட்டும் நாளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். எல்லாவற்றிலும் ஓடுவது பார்வையைப் பற்றிய ஒரு தீராத தவிப்பு.

நாவல் கேட்டீர்கள் அல்லவா? ஒரே காற்றுமண்டலத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு கோள்களுக்கிடையே மனிதர்கள் வெப்பக்காற்று பலூனில் பயணம் செய்யும் ‘தி ராகட் ஆஸ்ட்ரநாட்ஸ்’ (1986) போதும். அதற்கு முன்பு ஹேகனின் கதையைக் கடைசி வரி வரை வாசித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.