பக்கத்து மனையில் 6 மாடி, 7 மீட்டர் விடவேண்டாமா?

சென்னையில் பக்கத்து மனையில் 6 மாடி எழுகிறது, கட்டடத்தைச் சுற்றி 7 மீட்டர் இடம் விடவேண்டாமா, எங்கள் துளசி மாடத்துக்கு வெயில் வராதே என்று கேட்டிருக்கிறீர்கள். 7 மீட்டர் விதி அந்தக் கட்டடத்துக்குப் பொருந்தாமல் இருக்கலாம். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் எல்லைக்கோடு 18.30 மீட்டர் உயரம். அதைத் தாண்டினால்தான் அடுக்குமாடி 'உயரமான கட்டடம்' ஆகும், சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் இடம் விடவேண்டும். உங்கள் பக்கத்து மனைக்காரர் 18 மீட்டரோடு நிறுத்தியிருப்பார். பில்டர்கள் வழக்கமாகச் செய்வதுதான். மொட்டை மாடிக்கு மேலே தெரியும் படிக்கட்டு அறையும் லிஃப்ட் அறையும் உயரக் கணக்கில் வராது, அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

முதலில் சைட் வாசலில் உள்ள பலகையில் அனுமதி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை என்கிறீர்கள், அப்படியானால் சி.எம்.டி.ஏ.விலிருந்து (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த வரைபட நகலை வாங்குங்கள், ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போட்டாவது. அப்புறம் டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள். அளவு மனை எல்லையிலிருந்து, உங்கள் சுவரிலிருந்து அல்ல. அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வரைபடத்தில் உள்ளதைவிடக் குறைவாக விட்டிருந்தால் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள், மேல்தளம் போட்ட பிறகு கஷ்டம்.

நீங்கள் கேட்ட வெயில் விஷயம் வேறு. அனுமதிப்படி கட்டினால் துளசி மாடத்தில் நிழல் விழுவதை மட்டும் வைத்துத் தடுக்க முடியாது. ஜன்னல் வெளிச்சம் 20 வருடம் தடையில்லாமல் வந்திருந்தால் 1882 வசதியுரிமைச் சட்டத்தில் (பக்கத்து இடம் வழியாக வரும் வெளிச்சம், வழி போன்ற உரிமைகளுக்கான சட்டம்) உரிமை கேட்கலாம். ஆனால் பெரிய பாதிப்பு என்று நிரூபிக்கவேண்டும், அதற்கு சிவில் வக்கீல்தான் சரி.