ஒரே பெயரில் பல பிரபலங்கள் இருந்தால் உள்ளூர் டிவி செய்தியில் எப்படிக் குழப்பமில்லாமல் எழுதுவது?

மாவட்ட சேனல் ஒன்றில் புதிதாகச் சேர்ந்தவரின் கேள்வி இது. செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ஆங்கில ஏஜென்சி காப்பியில் முதல் முறை முழுப்பெயர், அடுத்த முறை குடும்பப் பெயர் மட்டும் வருகிறது. தமிழிலும் அப்படியே எழுதலாமா என்கிறார்.

வேண்டாம். நம் பெயர்களுக்கு அந்த முறை ஒத்துவராது. விஸ்வநாதன் ஆனந்த் என்பதில் விஸ்வநாதன் அப்பா பெயர், ஆனந்த்தான் அவர் பெயர். சீன அதிபர் ஷி ஜின்பிங்கில் குடும்பப் பெயர் முன்னால் நிற்கிறது. கிம் என்று மட்டும் எழுதினாலும் போதாது, தென் கொரியாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கிம்தான். லலித் மோடி, நிரவ் மோடி செய்திகளில் நான்காவது வரியிலும் முழுப்பெயரே வர வேண்டும். வெறும் ‘மோடி’ என்று ஆங்கர் வாசித்தால், பாதியில் டிவி முன் வந்து உட்கார்ந்தவர் பிரதமர் என்றுதான் எடுத்துக்கொள்வார். செய்தியை முதல் வரியிலிருந்து கேட்பவர்கள் குறைவு என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள்.

நமக்குக் குடும்பப் பெயரைவிடப் பெரிய தொல்லை இனிஷியல். ‘எம்.எஸ்.’ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சுப்புலட்சுமிக்கு அது மதுரை சண்முகவடிவு, அதாவது ஊரும் அம்மாவும். வேளாண் விஞ்ஞானி சுவாமிநாதனுக்கு மங்கொம்பு சாம்பசிவன், ஊரும் அப்பாவும். தோனிக்கோ மகேந்திர சிங், அவருடைய சொந்தப் பெயரே. மெல்லிசை மன்னர் விஸ்வநாதனும் எம்.எஸ்.தான். சுவாமிநாதன் 2023 செப்டம்பர் 28 அன்று காலமானார். அன்று திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோலில் ‘எம்.எஸ். மறைவு’ என்று மட்டும் ஓட்டினால் அது செய்தியே அல்ல. ‘வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் காலமானார்’ என்பதற்கு நான்கே சொற்கள் ஆகின்றன. பெயருக்கு முன் அடையாளம், அடையாளத்துக்குப் பின் பெயர். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பைட் (கேமரா முன் ஒருவர் பேசும் துண்டு) எடுக்கும்போதே பாதி வேலையை முடித்துவிடலாம். கேமரா ஓடத் தொடங்கியதும் முதல் கேள்வியாக, “உங்க பேரு, இனிஷியல், பொறுப்பு சொல்லுங்க சார்” என்று கேட்டு அதையும் பதிவு செய்துவிடுங்கள். ஆஸ்டன் (பேசுபவரின் பெயரும் பொறுப்பும் காட்டும் திரைப்பட்டை) அடிப்பவர் போன் பண்ணி விசாரிக்க வேண்டியதில்லை, எடிட்டர் அந்தத் துண்டைக் கேட்டாலே போதும். ஆஸ்டனில் மேல் வரி பெயர், கீழ் வரி பொறுப்பும் ஊரும். ‘செயலாளர்’ என்று மொட்டையாக விடக்கூடாது. ஒன்றியமா, நகரமா, மாவட்டமா என்பது வர வேண்டும். ஒரே கட்சியில் ஒரே பெயரில் ஒன்றியச் செயலாளரும் நகரச் செயலாளரும் இருப்பது சகஜம்.

எழுத்தில் தப்பித்தாலும் படத்தில் மாட்டிக்கொள்வோம். பழைய ஃபுட்டேஜை ‘குமார் ஃபைல்’ என்று சேமித்து வைத்தால், இரவு ஷிப்ட்டில் இருப்பவர் தேடும்போது முதலில் வரும் குமாரை எடுத்து ஒட்டிவிடுவார். ஃபைல் பெயரில் இனிஷியல், பெயர், பொறுப்பு, ஊர், ஆண்டு ஐந்தும் இருக்கட்டும். கைது, மரணம் இரண்டுக்கும் இணையத்தில் தேடிய படத்தை நேரடியாகப் போடவே கூடாது. செய்தி அனுப்பிய நிருபருக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இவர்தானே?” என்று கேட்டுப் பதில் வந்த பிறகு ஏற்றுங்கள். இரண்டு நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை.

குற்றச் செய்தியில் பெயர், வயது, ஊர், தொழில் நான்கும் கட்டாயம். ‘செல்வம் கைது’ என்றால் அந்த ஊரிலுள்ள அத்தனை செல்வத்தின் வீட்டுக்கும் போன் போகும். அவர்களில் ஒருவர் கவுன்சிலராகவோ தலைமை ஆசிரியராகவோ இருந்தால், ஒன்றும் செய்யாதவருடைய மானம் நம்மால் போகிறது. நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான்.

தேர்தல் நேரத்துக்கு வழி ஏற்கனவே சட்டத்தில் இருக்கிறது. 1961 தேர்தல் நடத்தை விதிகளின்படி, ஒரே பெயரில் வேட்பாளர்கள் இருந்தால் தொழிலையோ வசிப்பிடத்தையோ சேர்த்து வேறுபடுத்த வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழம் சின்னத்தில் நின்றபோது, அதே பெயர், அதே இனிஷியலுடன் வேறு சிலரும் களத்தில் இருந்தார்கள். இப்படிப்பட்ட தொகுதியில் வாக்கு எண்ணிக்கை கிராஃபிக்ஸில் பெயரோடு படமும் சின்னமும் கட்டாயம் வர வேண்டும். எண்களை டைப் செய்பவருக்கு வேட்பாளர் வரிசை எண்ணையும் கொடுத்துவிடுங்கள். பெயரைப் பார்த்து ஏற்றினால் ஒருவரின் ஓட்டு இன்னொருவர் பெட்டியில் விழும்.

தவறு ஒளிபரப்பாகிவிட்டால் முதலில் ஸ்க்ரோலை நிறுத்துங்கள். அடுத்த புல்லட்டினிலேயே திருத்தத்தை ஆங்கர் வாயால் சொல்ல வையுங்கள். யூடியூபில் ஏறிய துண்டு, அதன் தம்ப்நெயில், ஃபேஸ்புக் பதிவு மூன்றையும் தனித்தனியாக நீக்க வேண்டும். வீடியோவை எடுத்துவிட்டு வாட்ஸ்அப் குழுக்களில் படமாகப் போட்ட செய்திக் கார்டை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. திருத்திய கார்டை அதே குழுக்களில் மறுபடி போடுங்கள்.